கண் இல்லாத இடத்திலும் ஒளியை அறியும் உயிர்கள்



நம் இதழின் கல்விப் பக்கத்தில் இம்முறை ஓர் உயிரியல் பாடம். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் தாங்களே படித்துப் புரிந்துகொள்ளலாம். சிறிய பிள்ளைகளுக்கு உம்மாவோ வாப்பாவோ வாசித்துச் சொல்லலாம். இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த உயிர்கள் கண்ணைத் தவிர வேறு இடங்களாலும் வெளிச்சத்தை அறிகின்றன என்பதுதான் பாடத்தின் பொருள். இறாலைப் பற்றிப் படித்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கலாம். பார்வை இழந்த பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பாடத்தின் கடைசிப் பகுதி உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். அந்தப் பகுதி புரிய வேண்டுமானால் முன்னால் உள்ளவற்றையும் படிக்க வேண்டும்.

பார்ப்பது வேறு, ஒளியை அறிவது வேறு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் தெருவில் மாலையானதும் தானாக எரிந்து, விடிந்ததும் தானாக அணையும் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த விளக்கில் ஒளியை உணரும் ஒரு சிறிய பொருள் பொருத்தப்பட்டிருக்கிறது. தெருவில் யார் போகிறார், வருகிறார் என்பது அதற்குத் தெரியாது. வெளிச்சம் குறைந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். தன் வேலையைச் செய்ய அதற்கு அது போதும். அதே தெருவில் ஒரு கடை வாசலில் கேமரா இருந்தால், அது ஆட்களின் உருவத்தையே பதிவு செய்கிறது. கேமராவுக்கு லென்ஸ் வேண்டும், உருவம் விழ ஒரு பரப்பு வேண்டும். தெருவிளக்குக்கு இவை எதுவும் வேண்டாம்.

உயிர்களின் உடலிலும் இந்த இரண்டு வேலைகளும் உண்டு. உருவத்தைப் பார்ப்பது ஒன்று. ஒளி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, எந்த நேரத்தில் இருக்கிறது என்பதை அறிவது மற்றொன்று. முதல் வேலைக்குக் கண் என்ற முழு உறுப்பு தேவை. இரண்டாவது வேலைக்கு, ஒளி பட்டால் மாறக்கூடிய ஒரு பொருளும் அந்த மாற்றத்தைத் தெரிவிக்க ஒரு நரம்பும் இருந்தால் போதும். அந்தப் பொருள் பெரும்பாலும் ஆப்சின் என்ற புரதம். அதனோடு வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ஒரு மூலக்கூறு சேர்ந்திருக்கும். ஒளி பட்டதும் அந்த மூலக்கூறின் வடிவம் மாறும். அதிலிருந்து தொடங்கும் வேதி மாற்றங்கள் நரம்பில் மின் சைகையாக முடிகின்றன. நம் கண்ணிலும் இதே முறைதான்.

ஆப்சின் கண்ணில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாலில் இருக்கும் ஒரு நரம்பில் அது இருந்தால், அந்த வால் வெளிச்சத்தை அறியும். இப்படிப்பட்ட ஓர் உயிரைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

சமையலறையில் ஒரு முன்பாடம்

அதற்கு முன், அடுத்த முறை வீட்டில் இறால் வாங்கும்போது, சுத்தம் செய்வதற்கு முன் ஒன்றை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தலைப்பக்கத்தில் இரண்டு சிறிய காம்புகளின் நுனியில் கறுப்பாக இருப்பவை கண்கள். ஒவ்வொரு கண்ணும் ஆயிரக்கணக்கான சிறு கண்கள் சேர்ந்த கூட்டுக்கண். வால் பகுதியை எண்ணிப் பாருங்கள். வளையம் வளையமாக ஆறு கண்டங்கள் இருக்கும்.

இறாலைச் சுத்தம் செய்யும்போது முதுகில் ஓடும் கறுப்பு இழையை எடுத்துவிட்டு, "நரம்பு எடுத்தாச்சு" என்று சொல்வோம். உண்மையில் அது நரம்பு இல்லை, குடல். நரம்பு வயிற்றுப் பக்கம் இருக்கிறது. வயிற்றுப் பக்கத்துத் தோலை மெதுவாக நீக்கினால், நடுவே வெண்மையான மெல்லிய நூல் போல ஓடுவது தெரியும். நமக்கு முதுகுத் தண்டில் ஓடும் நரம்பு வடம், இவற்றுக்கு வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. அந்த நூலில் கண்டத்துக்கு ஒன்றாகச் சிறு முடிச்சுகள் உண்டு. நரம்புச் செல்கள் கூட்டமாக இருக்கும் இடங்கள் அவை. வாலின் கடைசி முடிச்சு, அதாவது ஆறாவது முடிச்சு, நம் பாடத்தில் முக்கியமானது.

1934: வாலில் ஒரு கண்டுபிடிப்பு

கிரேஃபிஷ் என்பது சிங்கி இறாலின் சிறிய உருவம் போல இருக்கும் ஒரு நன்னீர் உயிர். பெயரில் ஃபிஷ் இருந்தாலும் அது மீன் இல்லை. வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓடைகள், சதுப்பு நிலங்கள், ஏரிகளில் ஏராளமாக வாழ்கிறது. நம் நாட்டு ஆறு, குளங்களில் இயற்கையாக இல்லை. பகலில் கல்லுக்கடியிலோ வளையிலோ ஒளிந்திருக்கும். இரவில் இரை தேடி வெளியே வரும்.

அமெரிக்க ஆய்வாளர்களான லாட் பிராஸர், ஜான் வெல்ஷ் ஆகிய இருவரும் 1934ஆம் ஆண்டில் தனித்தனியாக இந்த உயிரைப் பற்றி எழுதினார்கள். வெல்ஷ் அதன் நடத்தையை ஆராய்ந்தார். பிராஸர் அதன் நரம்பில் ஓடும் மின் சைகைகளைப் பதிவு செய்தார். இரண்டு வழிகளிலும் வந்த முடிவு ஒன்றுதான். கிரேஃபிஷின் வால் நுனிப் பகுதியில் வெளிச்சம் பட்டால் அதை அந்த உயிர் அறிகிறது. கண்ணில் ஒளி படாவிட்டாலும் அறிகிறது.

வாலில் ஒளி பட்டதும் அது திடுக்கிட்டுத் துள்ளுவதில்லை. சற்று நேரம் கழித்துக் கால்களை அசைத்து நடக்கத் தொடங்குகிறது. பெரும்பாலும் பின்னோக்கி நடக்கிறது. இதன் பயனை அதன் வாழ்க்கையை வைத்து யோசித்தால் புரியும். வளைக்குள் பின்பக்கமாக நுழையும் ஓர் உயிர், தன் வால் முழுவதும் மறைந்துவிட்டதா என்பதைத் தலையில் உள்ள கண்ணால் எப்படிப் பார்க்கும்? தலையும் கண்ணும் நிழலில் இருக்க, வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரை தேடுகிற பிராணிகளுக்கு அது வசதியாகிவிடும். வால் தானே ஒளியை அறிந்தால், முழுதாக இருளுக்குள் போகும் வரை நகர்ந்துகொண்டே இருக்கலாம். ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கமும் இதுதான்.

எப்படி உறுதி செய்தார்கள்?

பிள்ளைகள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். வால் ஒளியை அறிகிறது என்று சொல்வது எளிது. யாராவது மறுத்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே! எழக்கூடிய மறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் மறுப்பு: ஒளி எங்காவது பட்டுத் தெறித்துக் கண்ணுக்குப் போயிருக்கலாமே? அதற்காகக் கண்ணின் தொடர்பை நீக்கிவிட்டுச் சோதித்தார்கள். அப்போதும் அந்த உயிர் ஒளிக்குப் பதில் காட்டியது.

இரண்டாவது மறுப்பு: அப்படியானால் தோல் முழுவதுமே ஒளியை அறிகிறதோ? அதற்காக நரம்பு வடத்தை உடலிலிருந்து தனியே எடுத்து அதன் மேல் ஒளியைப் பாய்ச்சினார்கள். தோலே இல்லாத நிலையிலும் ஆறாவது முடிச்சில் ஒளி பட்டபோது மின் சைகைகள் எழுந்தன. ஆகவே ஒளியை அறிவது தோல் இல்லை, அந்த முடிச்சுக்குள் இருக்கும் நரம்பு.

மூன்றாவது மறுப்பு: விளக்கின் சூடுதான் காரணமோ? இதற்கு நிறங்களைக் கொண்டு பதில் கிடைத்தது. சூடுதான் காரணம் என்றால் சிவப்பும் அதற்கு அப்பாற்பட்ட வெப்பக் கதிர்களும்தான் அதிக விளைவைத் தர வேண்டும். ஆனால் அந்த நரம்பு மிக நன்றாகப் பதில் கொடுத்தது நீலப்பச்சை ஒளிக்கு. அலைநீளத்தில் சொன்னால் ஏறத்தாழ 500 நானோமீட்டர். கண்ணில் இருக்கும் ஒளி உணரும் நிறமிகளைப் போன்ற ஒன்று அங்கேயும் இருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

அந்த முடிச்சில் ஒளியை அறியும் செல்கள் எத்தனை தெரியுமா? இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று, ஆக இரண்டே இரண்டு. 1950களின் இறுதியிலும் 1960களிலும் டொனால்ட் கென்னடி என்ற ஆய்வாளர் இவற்றின் செயல்பாட்டை விரிவாக ஆராய்ந்தார். பிற்காலத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் அவர். ஒவ்வொரு செல்லிலிருந்தும் புறப்படும் நீண்ட இழை வயிற்றுப் பக்க நரம்பு வடம் வழியாக மூளை வரை போகிறது.

இந்த இரண்டு செல்களுக்கும் இன்னொரு வேலையும் இருக்கிறது. வாலில் உள்ள நுண்ணிய மயிர்கள் தண்ணீரின் அசைவை உணர்கின்றன. அந்தச் செய்தியும் இதே செல்கள் வழியாகத்தான் மேலே போகிறது. 1996இல் வெளியான ஓர் ஆய்வு, வாலில் ஒளி படும்போது தண்ணீர் அசைவு பற்றிய சைகை இன்னும் தெளிவாகிறது என்று காட்டியது. தொடுவதை அறிவதும் ஒளியை அறிவதும் ஒரே செல்லில் சேர்ந்திருப்பது நம் பாடப்புத்தகங்களில் ஐம்புலன்களைப் பிரித்துப் படித்த நமக்குப் புதிய செய்தி.

குகைக்குள் வாழும் குருட்டுக் கிரேஃபிஷ்

வட அமெரிக்காவின் சுண்ணாம்புக் குகைகளில் ஒருவகைக் கிரேஃபிஷ்கள் வாழ்கின்றன. கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகை இதற்குப் பேர்போனது. தலைமுறை தலைமுறையாக முழு இருட்டில் வாழ்ந்ததால் இவற்றின் கண்கள் சிறுத்துப் பயனற்றுப் போய்விட்டன. உடலும் நிறமிழந்து வெளுத்திருக்கும்.

1966இல் ஜேம்ஸ் லாரிமரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியில் வாழும் கிரேஃபிஷ்களையும் குகையில் வாழ்பவற்றையும் ஒப்பிட்டார்கள். கண் பயனற்றுப் போன குகை உயிர்களின் வாலிலும் ஒளி உணரும் நரம்பு வேலை செய்தது. கண் போய்விட்டால் ஒளியை அறிவதும் போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருவோம்.

மூளையே வெளிச்சத்தை அறிகிறது

உயிர்களின் உடலில் ஓர் உள் கடிகாரம் இருக்கிறது. எப்போது விழிப்பது, எப்போது ஓய்வெடுப்பது என்பதை அது நடத்துகிறது. சுவர்க் கடிகாரம் மெதுவாக ஓடினால் நாம் அவ்வப்போது திருத்தி வைப்பதைப் போல, இந்த உள் கடிகாரத்தையும் பகல் வெளிச்சம் தினமும் திருத்தி வைக்கிறது.

கிரேஃபிஷின் கடிகாரத்தைத் திருத்துவது எது? தலையில் உள்ள கண்ணா, வாலில் உள்ள நரம்பா? 1970களில் டெரி பேஜும் லாரிமரும் இதை ஆராய்ந்தார்கள். கண்ணையும் நீக்கி, வாலிலிருந்து வரும் செய்தியையும் துண்டித்த பிறகும் அந்தக் கடிகாரம் வெளிச்சத்தைப் பின்பற்றியது. அப்படியானால் மூன்றாவதாக ஓர் இடம் இருக்க வேண்டும். அது மூளைதான் என்று தெரியவந்தது. 1990இல் ஆஸ்திரேலியக் கிரேஃபிஷ் ஒன்றின் மூளையிலேயே ஒளி உணரும் செல்களின் சிறு கூட்டங்கள் இருப்பது விவரிக்கப்பட்டது. 2015இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் நடந்த ஓர் ஆய்வு, சதுப்பு நிலக் கிரேஃபிஷின் நரம்பு மண்டலத்தின் பல பகுதிகளில் ஆப்சின் இருப்பதைக் காட்டியது.

கண் பயனற்ற உயிர்கள்தான் இப்படி வேறு வழி வைத்திருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். மான்டிஸ் இறால் என்று ஓர் உயிர் உண்டு. கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடக்கி வைத்திருப்பதால் அந்தப் பெயர். நிறத்தை அறிய நம் கண்ணில் மூன்று வகைச் செல்கள் இருக்க, அதன் கண்ணில் பன்னிரண்டு வகை வரை இருக்கின்றன. அவ்வளவு வளமான கண் உள்ள அந்த இறாலின் மூளையிலும் ஒளி உணரும் செல்கள் இருப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, கண் செய்யும் வேலைக்கு மாற்றாக இவை வைக்கப்படவில்லை. இவற்றின் வேலையே வேறு.

"கண்ணில்லாதது" என்று பெயர் பெற்ற இறால்

இனி நன்னீரை விட்டு ஆழ்கடலுக்குப் போவோம். அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் வடக்கு தெற்காக நீண்ட மலைத்தொடர் ஒன்று ஓடுகிறது. அதன் சில இடங்களில் பூமிக்குள்ளிருந்து 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீர் கறுத்த புகை போலப் பீறிட்டு வருகிறது. 1985இல் பீட்டர் ரோனா என்பவரும் அவரது குழுவினரும் அப்படிப்பட்ட ஓர் இடத்தை ஏறத்தாழ 3,600 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். சூரிய ஒளி சிறிதும் எட்டாத ஆழம் அது. அந்த வெந்நீர்ப் புகைபோக்கிகளைச் சுற்றி இறால்கள் ஈசல் போல மொய்த்துக்கொண்டிருந்தன. சில இடங்களில் ஒரு சதுர மீட்டரில் ஆயிரத்துக்கும் மேல்.

தலையில் வழக்கமான காம்புக் கண்களைக் காணாததால், 1986இல் அதற்கு ரிமிகாரிஸ் எக்சோகுலேட்டா என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். பெயரின் இரண்டாவது சொல்லுக்குக் கண்ணில்லாதது என்று பொருள்.

அப்போது வுட்ஸ் ஹோல் கடலியல் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு மாணவியாக இருந்தவர் சிண்டி லீ வான் டோவர். நீர்மூழ்கியிலிருந்து எடுத்த படங்களில் இந்த இறால்களின் முதுகில் பளிச்சென்று ஒரு பகுதி தெரிவதை அவர் கவனித்தார். மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, முதுகு ஓட்டின் கண்ணாடி போன்ற பகுதிக்கு அடியில் இரண்டு மடல்களாக ஓர் உறுப்பு இருந்தது. அதிலிருந்து பெரிய நரம்பு மூளைக்குச் சென்றது. வேறு நிபுணர்களோடு சேர்ந்து ஆராய்ந்ததில், அந்த உறுப்பு நிறைய ஒளி உணரும் நிறமி இருப்பது தெரிந்தது. அதுவும் 500 நானோமீட்டர் ஒளியை நன்றாக ஏற்கும் நிறமி. 1989இல் இது வெளியானது. அதில் லென்ஸ் இல்லை. எனவே உருவம் எதுவும் தெரியாது. மிக மங்கலான ஒளியையும் விடாமல் பிடிப்பதற்கு ஏற்ற அமைப்பு அது.

சூரிய ஒளி இல்லாத இடத்தில் ஒளி உறுப்பு எதற்கு? வெந்நீர் ஊற்றிலிருந்தே ஒளி வருகிறதோ என்று வான் டோவர் கேட்டார். 1988இல் பசிபிக் கடலில் இதே போன்ற ஊற்று ஒன்றின் முன் நீர்மூழ்கியின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, நுட்பமான கேமராவால் படமெடுத்தார்கள். ஊற்றின் வாயில் மெல்லிய ஒளி தெரிந்தது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அளவு மங்கலான ஒளி. பழுக்கக் காய்ந்த இரும்பு ஒளிர்வது போல, சூட்டினால் வரும் ஒளியே அதில் பெரும்பகுதி.

இந்த இறால்களுக்கு உணவு கிடைப்பது ஊற்றின் ரசாயனங்களை உண்டு வாழும் பாக்டீரியாக்களால். எனவே ஊற்றை விட்டு விலகினால் பட்டினி. மிக நெருங்கினால் வெந்துவிடும். அந்த மங்கலான ஒளி இரண்டுக்கும் நடுவே நிற்க உதவுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. இந்த உறுப்பு இறாலின் சாதாரணக் கண்ணிலிருந்தே உருமாறியது என்பதும் பிறகு தெரியவந்தது. இளம் பருவத்தில் இவற்றுக்கும் மற்ற இறால்களைப் போன்ற கண்கள் இருக்கின்றன.

இதில் வருத்தமான ஒரு செய்தியும் உண்டு. 1999இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், நீர்மூழ்கிகளின் பலமான விளக்குகள் பட்டு இந்த உறுப்பு மீள முடியாத சேதம் அடைந்திருக்கலாம் என்று எச்சரித்தார்கள். கண் இல்லை என்று நினைத்ததால், வெளிச்சம் அதற்குத் தீங்கு செய்யும் என்ற நினைப்பே எழவில்லை. ஒருவருக்கு இன்னது இல்லை என்று நாம் தீர்மானித்துவிட்டால், அந்த விஷயத்தில் அவரைப் பற்றிய கவனமும் நம்மிடமிருந்து போய்விடுகிறது.

இந்தப் பாடத்தில் நமக்கு என்ன?

இனி மனிதர்களிடம் வருவோம். நம் தோலும் மூளையும் கிரேஃபிஷைப் போல ஒளியை அறிந்து நம் கடிகாரத்தைத் திருத்துமா? 1998இல் அமெரிக்காவில் இருவர், முழங்காலின் பின்புறத்தில் ஒளியைப் பாய்ச்சினால் மனிதனின் உள் கடிகாரம் மாறுகிறது என்று எழுதினார்கள். உலகெங்கும் செய்தி ஆயிற்று. ஆனால் 2002இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இன்னும் கண்டிப்பான முறையில் அதைச் சோதித்தபோது அப்படி எந்த மாற்றமும் ஏற்படவில்லை. எனவே உடம்பின் ஏதோ ஓர் இடத்தில் விளக்கைக் கட்டிக்கொண்டால் தூக்கம் சரியாகும் என்று யாராவது கருவி விற்க வந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். ஓர் உயிருக்கு உண்மையாக இருப்பது இன்னோர் உயிருக்கும் உண்மை என்று சோதிக்காமல் சொல்லக்கூடாது.

மனிதனின் கடிகாரத்துக்கு ஒளி போகும் வழி கண்தான். ஆனால் அந்தக் கண்ணுக்குள்ளேயே, நாம் முதலில் பார்த்த கேமராவும் தெருவிளக்கும் போல இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. உருவத்தைப் பார்க்க உதவும் செல்கள் வேறு. மெலனாப்சின் என்ற ஆப்சினைக் கொண்டு பகலா இரவா என்பதை மட்டும் மூளைக்குச் சொல்லும் செல்கள் வேறு. மெலனாப்சின் 1998இல் முதலில் ஒரு தவளையின் தோலில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர், விழித்திரையில் உள்ள இந்தச் செல்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்று நிறுவினார்கள்.

இதற்கு முன்பே, 1995இல், சார்ல்ஸ் சைஸ்லர் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் முற்றிலும் பார்வை இழந்த 11 பேரைச் சோதித்திருந்தார்கள். இரவில் நம் உடலில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பலமான ஒளி கண்ணில் பட்டால் அது குறையும். அந்தப் 11 பேரில் 3 பேருக்கு, ஒளி சிறிதும் தெரியவில்லை என்று அவர்களே சொன்ன நிலையிலும், மெலடோனின் குறைந்தது. அவர்களில் இருவரின் கண்களை மூடிவிட்டுச் சோதித்தபோது குறையவில்லை. பார்வை முற்றிலும் போன அந்தக் கண்கள், பகலையும் இரவையும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. அது அவர்களுக்கே தெரியாது.

குகைக் கிரேஃபிஷை இப்போது நினைத்துப் பாருங்கள். கண் போனதால் ஒளியும் போய்விட்டது என்ற முடிவு அங்கே தவறாக இருந்தது. மனிதர்களிலும் சிலருக்கு அது தவறாகவே இருக்கிறது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பார்வை போன நன்னாவையோ நன்னியையோ வீட்டின் உள்ளறையில் படுக்க வைக்கிறோம். "அவங்களுக்கு வெளிச்சம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்று சொல்லிவிடுகிறோம். ஜன்னல் அறை படிக்கிற பிள்ளைக்குப் போகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. ஆனால் அந்தப் பெரியவர் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கினால், வயதாகிவிட்டது என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பகல் வெளிச்சம் கிடைக்காததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று நாம் நினைப்பதில்லை.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே, இவற்றைச் செய்யுங்கள்.

ஒன்று: பார்வை இழந்தவர் வீட்டில் இருந்தால், காலையில் சிறிது நேரமாவது திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். இரவில் அவர் அறையை இருட்டாக வையுங்கள். எல்லோருக்கும் இது பலன் தரும் என்று சொல்ல முடியாது. பலன் தரக்கூடியவருக்கு அதை நாம் மறுத்துவிடக் கூடாது.

இரண்டு: அவருடைய தூக்க நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். இன்று பத்து மணி, சில நாளில் பன்னிரண்டு மணி, பிறகு விடியற்காலை என்று நகர்ந்தால் அது சோம்பலோ பிடிவாதமோ இல்லை. ஒளி எட்டாத உள் கடிகாரம் 24 மணி நேரத்தை விடச் சற்று நீண்டு ஓடுவதால் பார்வையற்றோர் சிலருக்கு வரும் கோளாறு அது. அதற்குச் சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்று: பார்வை போன கண்ணை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், நோயின் காரணமாக அது அவசியமாக இருக்கலாம். அவர் சொல்வதைத் தட்ட வேண்டாம். ஆனால், "பகல் இரவு அறியும் வேலை இந்தக் கண்ணில் மிச்சம் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை.

நான்கு: கண் நன்றாக இருப்பவர்களுக்கும் இந்தச் செல்கள் உண்டு. அவை நீல ஒளிக்கு அதிகம் பதில் கொடுப்பவை. இஷாவுக்குப் பிறகு படுக்கையில் செல்போனை முகத்துக்கு நேரே வைத்திருந்தால், இன்னும் பகல்தான் என்ற செய்தி மூளைக்குப் போகிறது. பிள்ளைகளிடம் இதைக் காரணத்தோடு சொன்னால் கேட்பார்கள்.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. தானியங்கித் தெருவிளக்கு ஒளியை அறிவதற்கும் கேமரா ஒளியை அறிவதற்கும் என்ன வேறுபாடு?

2. இறாலின் முதுகில் நாம் எடுக்கும் கறுப்பு இழை எது? நரம்பு எந்தப் பக்கம் இருக்கிறது?

3. கிரேஃபிஷின் வால் சூட்டை அல்ல, ஒளியைத்தான் அறிகிறது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்?

4. கண்ணையும் வால் நரம்பையும் நீக்கிய பிறகும் கிரேஃபிஷின் கடிகாரம் ஒளியைப் பின்பற்றியது. இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்?

5. வெந்நீர் ஊற்று இறாலுக்குக் "கண்ணில்லாதது" என்று பெயர் வைத்தது ஏன் பொருத்தமில்லாமல் போயிற்று?

6. முழங்காலில் ஒளி பாய்ச்சும் சோதனையை மறுபடியும் செய்து பார்த்தது ஏன் நல்லதாயிற்று?

நான்காவது கேள்விக்குப் பிள்ளைகள் உடனே பதில் சொல்லாவிட்டாலும் அவசரப்படுத்த வேண்டாம். ஒவ்வொரு வழியாக அடைத்துப் பார்த்து மிச்சமிருப்பதைக் கண்டுபிடிப்பது அறிவியலில் அடிக்கடி பயன்படும் முறை. அதை அவர்களே யோசித்துச் சொல்லட்டும். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும், வீட்டில் பார்வை குறைந்தவர்களின் அறைக்குப் போய், அங்கே பகல் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், இன்ஷா அல்லாஹ், நாளைக் காலையிலேயே அவர் உட்காரும் நாற்காலியை இடம் மாற்றிப் போடுங்கள்.